சிங்கப்பூர் – நியூயார்க் 15,349 கிலோமீட்டர்: விமானத்தில் உண்மையில் எத்தனை மணி நேரம்?

தெம்பனிஸ்வாசி (செப்டம்பர் 6, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். நியூயார்க்கில் இருக்கும் என் தங்கைக்குத் தலைப்பிரசவம். அக்டோபர் முதல் வாரத்தில் அம்மாவை அங்கே அனுப்ப வேண்டும். அம்மாவுக்கு 67 வயது. சர்க்கரை இருக்கிறது, முழங்கால் தேய்மானமும் உண்டு. துணைக்கு நான் போக முடியாத நிலை. இதுவரை அவர் போன மிக நீண்ட விமானப் பயணம் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து திருச்சி. அதற்கே நான்கு மணி நேரம்தான்.

நேற்று முழுவதும் கணினி முன் உட்கார்ந்து குழம்பியதுதான் மிச்சம். தூரம் காட்டும் ஒரு தளம் 15,349 கிலோமீட்டர், பதினேழரை மணி நேரம் என்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நேரடி விமானத்தின் டிக்கெட்டில் போகும்போது 18 மணி 40 நிமிடம், வரும்போது 18 மணி 50 நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள். அதே விமானம் கடந்த வாரம் பறந்த நேரத்தைத் தேடினால் ஒரு நாள் 17 மணி 20 நிமிடம், இன்னொரு நாள் 18 மணிக்கும் மேல். இருக்கிற தூரம் ஒன்றுதானே? நேரம் மட்டும் எப்படி ஆளுக்கு ஒன்றாகிறது?

இரண்டாவது கேள்வி, இதுதான் எனக்கு முக்கியம்: நேராக அனுப்பலாமா, ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று போகும் விமானத்தில் அனுப்பலாமா?

மூன்றாவது அம்மாவின் கேள்வி. புரட்டாசிச் சனிக்கிழமை விரதத்தை அவர் முப்பது ஆண்டுகளாக விட்டதில்லை. வெள்ளி இரவு பன்னிரண்டு மணிக்குச் சற்று முன் புறப்பட்டுச் சனி காலை ஆறரைக்கு நியூயார்க் போய்ச் சேர்வதாக டிக்கெட் சொல்கிறது. "நடுவில் பதினெட்டு மணி நேரம் எங்கே போயிற்று, நான் எப்போது விரதம் இருப்பது" என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

---

வான்வழி (செப்டம்பர் 6, இரவு 10.55)

விமானங்களுக்குப் பயணத் திட்டம் போடும் வேலையில் 22 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதல் கேள்வியை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

தூரம் காட்டும் தளம் பொய் சொல்லவில்லை. பூமியின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழியை அளந்து, ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்துச் சொல்கிறது. 15,349-ஐ 900-ஆல் வகுத்தால் 17 மணி 3 நிமிடம். அரை மணி சேர்த்தால் நீங்கள் பார்த்த பதினேழரை வந்துவிடும். இந்தக் கணக்கில் காற்று என்று ஒன்றே கிடையாது. அடுத்த நாட்டின் வான்வெளி, நுழைய அனுமதி இல்லாத பகுதி, ஓடுபாதைக்கு முன் வரிசையில் காத்திருப்பது எதுவும் அதில் வராது.

டிக்கெட்டில் இருப்பது வேறு கணக்கு. வாயிலிலிருந்து விமானம் பின்னால் நகரத் தொடங்கும் நொடி முதல், அங்கே வாயிலில் போய் நிற்கும் நொடி வரை உள்ள நேரம் அது. சக்கரம் தரையில் உருளும் நேரமும் அதில் அடக்கம். நியூயார்க்கில் இறங்கிய பிறகு வாயில் காலியாகும்வரை காத்திருப்பது சாதாரணம். அந்தப் பருவத்தின் காற்று எப்படி இருக்கும் என்று பழைய பதிவுகளை வைத்துக் கணித்து, கொஞ்சம் தாராளமாகவே நேரம் ஒதுக்குவார்கள். அதனால்தான் நீங்கள் பார்த்த நாளில் டிக்கெட் நேரத்துக்கு முன்பே விமானம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மூன்றாவது எண், அதாவது உண்மையில் பறந்த நேரம், அந்தந்த நாளின் காற்றுக்குச் சொந்தம். ஏறத்தாழ 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம் சில நாட்களில் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். 2020 பிப்ரவரியில், கியாரா புயலின்போது, நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு போயிங் 747 லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்விட்டது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஆகும் பயணம் அது.

பணியில் இருந்தபோது நான் அன்றாடம் போட்ட கணக்கின் மாதிரி ஒன்று சொல்கிறேன். குறுகிய வழி 15,350 கிலோமீட்டர். அதில் சராசரியாக மணிக்கு 30 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையை வைத்து அளக்கும் வேகம் 900-லிருந்து 870 ஆகிவிடும். பயணம் 17 மணி 38 நிமிடம். இன்னொரு வழி 16,500 கிலோமீட்டர். ஆனால் சராசரியாக 70 கிலோமீட்டர் பின்காற்று. வேகம் 970. பயணம் 17 மணி நேரம். ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் சுற்றிப் போனவர் அரை மணிக்கும் மேலாக முந்திக்கொள்கிறார். எங்கள் வேலையே இதுதான். தூரத்தைப் பார்க்க மாட்டோம், நேரத்தையும் எரிபொருளையும் பார்ப்போம்.

---

நெடும்பயணி (செப்டம்பர் 7, காலை 7.15)

எனக்குத் தெரிந்த விளக்கம் வேறு. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. அதனால் மேற்கே போகும் விமானத்தை நோக்கி ஊர் தானாகவே வந்துகொண்டிருக்கும், கிழக்கே போனால் ஊர் விலகிப் போகும். பள்ளியில் இப்படித்தான் கேட்ட நினைவு. வான்வழி ஐயா சொல்வது இதற்கு நேர்மாறாக இருக்கிறதே?

---

வரைபட ஆசிரியை (செப்டம்பர் 7, காலை 8.30)

நெடும்பயணி, இந்தச் சந்தேகம் என் வகுப்பில் ஆண்டுதோறும் வரும். விடை எளிது: காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தேதான் சுற்றுகிறது. ஓடுகிற ரயிலுக்குள் ஒரு குழந்தை எழும்பிக் குதித்தால் நின்ற இடத்திலேயே இறங்குகிறது, பின் பெட்டிக்குப் போய் விழுவதில்லை. விமானமும் அந்த ரயிலுக்குள் இருக்கும் குழந்தைதான். நீங்கள் சொன்னபடி இருந்தால் லண்டனிலிருந்து மேற்கே நியூயார்க் போவதுதான் விரைவாக இருக்க வேண்டும். நடப்பதோ தலைகீழ். பூமியின் சுழற்சிக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் சுற்றுவழியில்: மேல் வானத்தின் காற்று கிழக்கு நோக்கித் திரும்புவதற்கு அந்தச் சுழற்சி ஒரு காரணம்.

தெம்பனிஸ்வாசி, உங்கள் அம்மாவை உட்கார வைத்து ஒன்று செய்து காட்டுங்கள். வீட்டில் பூகோள உருண்டை இருக்கிறதா? பூக்கட்டும் நூல் ஒரு முழம் எடுத்து, ஒரு நுனியைச் சிங்கப்பூரில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மறு நுனியை நியூயார்க் வரை இழுத்து விறைப்பாகப் பிடியுங்கள். நூல் பசிபிக் பக்கமும் நிற்காது, ஐரோப்பா பக்கமும் நிற்காது. வழுக்கிக்கொண்டு மேலே ஏறி வடதுருவத்தின் அருகே போய் நிற்கும்.

ஏன் என்று கணக்கிலும் பார்க்கலாம். சாங்கியின் தீர்க்கரேகை கிழக்கே 104 பாகை. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் மேற்கே 73.8 பாகை. இரண்டையும் கூட்டினால் 177.8. அதாவது பூமியின் முதுகும் வயிறும் போல ஏறக்குறைய நேர் எதிரே இருக்கின்றன. அப்படி இருக்கும் இரண்டு ஊர்களுக்கும் குறுக்குவழி துருவத்தைத் தொட்டுக்கொண்டுதான் போகும். இனிக் கணக்கு மிகச் சுலபம். சாங்கியிலிருந்து வடதுருவத்துக்கு 88.64 பாகை, துருவத்திலிருந்து கென்னடிக்கு 49.36 பாகை. மொத்தம் 138. ஒரு பாகைக்கு 60 கடல் மைல், ஒரு கடல் மைலுக்கு 1.852 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 15,335-ஐ ஒட்டி வருகிறது. பூமி முழுக்க உருண்டை இல்லை, இடுப்பில் சற்றுப் பெருத்தது. அந்தத் திருத்தத்தையும் சேர்த்துத்தான் தளம் 15,349 என்கிறது. ஐந்தாம் வகுப்புப் பெருக்கலில் உலகத்தின் மிக நீண்ட விமானப் பயணங்களில் ஒன்றை அளந்துவிடலாம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

---

மனக்கணக்கு (செப்டம்பர் 7, காலை 10.05)

அருமையான விளக்கம் ஆசிரியை அவர்களே. ஆனால் விமானம் அந்த வழியில் போவதில்லையே? நான் கண்காணிப்புத் தளத்தில் பார்த்தபோதெல்லாம் பசிபிக் கடல் மேல்தான் போய்க்கொண்டிருந்தது.

---

வான்வழி (செப்டம்பர் 7, பகல் 12.20)

சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். ஆசிரியை சொன்ன நூல் தாய்லாந்து, சீனா, மங்கோலியா, சைபீரியா வழியாக ஏறி, வடதுருவத்துக்கு 300 கிலோமீட்டருக்குள் போய், கனடா வழியாக இறங்குகிறது. அதில் ஒரு பெரிய பகுதி ரஷ்ய வான்வெளி. 2022 பிப்ரவரிக்குப் பிறகு அந்த வான்வெளி பல நாட்டு விமானங்களுக்கு அடைபட்டுவிட்டது. இதன் விளைவைக் கண்கூடாகப் பார்க்க வேண்டுமானால் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ போகும் பின்லாந்து விமானத்தைப் பாருங்கள். முன்பு ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆன பயணம், பாதை மாறிய பிறகு ஏறத்தாழ 13 மணி நேரம் ஆகிறது. இரண்டு ஊர்களும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. தூரம் காட்டும் தளங்களில் அதே பழைய எண்தான் இன்றைக்கும் இருக்கிறது.

துருவத்தின் மேல் பறப்பதற்கு வேறு கவலைகளும் உண்டு. ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 பாகையில் உறையத் தொடங்கும். வெளியே அதைவிடக் குளிரான காற்று மணிக்கணக்கில் உரசிக்கொண்டிருந்தால் தொட்டிக்குள் வெப்பநிலை இறங்கிக்கொண்டே வரும். அதைக் கண் கொட்டாமல் கவனிக்க வேண்டும். அவசரம் என்றால் இறங்கத் தகுந்த விமான நிலையங்களும் அங்கே குறைவு.

சாங்கியிலிருந்து போகும்போது பல நாட்களில் தைவான், ஜப்பான் பக்கமாக ஏறிப் பசிபிக்கைக் கடந்து வட அமெரிக்காவுக்குள் நுழைவார்கள், பின்காற்று கிடைக்கும் என்பதால். திரும்பும்போது அதே வழியில் வந்தால் அதே காற்று முகத்தில் அடிக்கும். ஆகவே பல நாட்களில் அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பா வழியாக வருவார்கள். இரண்டு பயணமும் கிழக்கு நோக்கியே. அப்படி அமைந்தால் உங்கள் அம்மா போய்த் திரும்பும்போது உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்திருப்பார்.

---

தெம்பனிஸ்வாசி (செப்டம்பர் 7, இரவு 8.10)

நூல் வைத்துப் பார்த்தோம். உருண்டை என் மகனுடையது, நூல் அம்மா பூக்கட்டும் நூல். நூல் பனிப்பிரதேசத்துக்குப் போய் நின்றதும் அம்மா, "இந்த வழியாகவா போவார்கள், சால்வை எடுத்து வைக்க வேண்டுமே" என்றார். வான்வழி ஐயா எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகு நிம்மதியானார். உலகம் சுற்றும் செய்தியை இதற்குள் திருச்சிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

இரண்டாவது கேள்விக்கு வாருங்கள். நேரடியா, நின்று போவதா?

---

மனக்கணக்கு (செப்டம்பர் 7, இரவு 9.30)

நான் நின்று போவதன் பக்கம். ஃபிராங்க்ஃபர்ட் வழி ஏதோ பெரிய சுற்று என்று பலர் நினைக்கிறார்கள். சாங்கி – ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 10,300 கிலோமீட்டர், அங்கிருந்து கென்னடி சுமார் 6,200. கூட்டினால் 16,500. குறுகிய வழியைவிட ஆயிரத்துச் சொச்சம்தான் அதிகம். நேரடி விமானமே காற்றுக்காகச் சில நாள் அவ்வளவு சுற்றுகிறது என்று இப்போதுதான் படித்தோம். 13 மணி நேரம் பறந்து, இறங்கி இரண்டு மணி நேரம் கால் வீசி நடந்து, பிறகு எட்டரை மணி நேரம். மொத்தத்தில் ஏறக்குறைய ஒரு முழு நாள். சர்க்கரைக்காரர் ஒருவர் பதினெட்டு மணி நேரம் ஒரே இருக்கையில் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல். கட்டணமும் குறைவு. நேரடி விமானத்தில் சாதாரண எக்கானமியே கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? மொத்தம் 161 இருக்கை. 67 பிசினஸ், 94 பிரீமியம் எக்கானமி. அவ்வளவுதான்.

---

வான்வழி (செப்டம்பர் 7, இரவு 10.40)

அந்த 161-க்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இதே நிறுவனத்தின் சாதாரண நெடுந்தூர ஏர்பஸ் ஏ350-இல் 253 இருக்கைகள். நியூயார்க் போகும் விமானமும் அதே உடம்புதான். ஆனால் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். தொட்டி நிறைந்தால் எரிபொருள் மட்டுமே 130 டன்னைத் தாண்டும். விமானம் தரையை விட்டு எழும்ப அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 280 டன். கிட்டத்தட்டப் பாதி! முன்பக்கச் சரக்கு அறையையும் பயன்படுத்துவதில்லை. முதல் பத்து மணி நேரம், கடைசி எட்டு மணி நேரத்துக்கான எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருளை எரித்துக்கொண்டு பறக்கிறது. தண்ணீர் இல்லாத ஊருக்குத் தண்ணீர் வண்டி ஓட்டுகிற மாடு, தான் குடிக்கும் தண்ணீரையும் சேர்த்து இழுப்பது போல.

2004-இல் நான்கு எஞ்சின் ஏ340-500-ஐ வைத்து இந்தப் பயணத்தை நியூயார்க்கை அடுத்துள்ள நியூவர்க் விமான நிலையத்துக்குத் தொடங்கினார்கள். 2008-இல் நூறே இருக்கை, அத்தனையும் பிசினஸ் என்று மாற்றினார்கள். அப்படியும் எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013-இல் நிறுத்தினார்கள். இரண்டே எஞ்சினில் இதே தூரத்தைப் பறக்கும் ஏ350 வந்த பிறகு 2018 அக்டோபர் 11-இல் மறுபடி தொடங்கியது. கென்னடிக்கு 2020 நவம்பரிலிருந்து போகிறது. இரண்டு எஞ்சின் போதுமா என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி: ஒரு எஞ்சின் நின்றுபோனாலும் 370 நிமிடம் வரை மற்றொன்றில் பறந்து இறங்கலாம் என்று ஏ350-க்கு 2014-லேயே ஐரோப்பியச் சான்று கிடைத்துவிட்டது.

ஆனால் மனக்கணக்கு, நீங்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள். தனியாகப் போகும் 67 வயதுப் பெண்மணிக்கு ஃபிராங்க்ஃபர்ட்டில் அந்த இரண்டு மணி நேரம் ஓய்வாக இருக்குமா? கைப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, தெரியாத மொழி அறிவிப்புகளுக்கு நடுவே மறுபடி ஏற வேண்டும்.

---

பனங்காட்டான் (செப்டம்பர் 8, காலை 6.50)

வான்வழி ஐயா சொல்வதற்கு நான் சாட்சி. மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அப்பாவை வேறொரு ஊர் வழியாக, நடுவில் ஒன்றரை மணி நேர ட்ரான்சிட் வைத்து அனுப்பினேன். கட்டணத்தில் நானூறு சிங்கப்பூர் வெள்ளி மிச்சமாயிற்று. முதல் விமானம் எதிர்க்காற்றால் ஐம்பது நிமிடம் தாமதம். சக்கர நாற்காலிக்கு எழுதிக் கொடுத்திருந்தும் ஆள் வரவில்லை. அடுத்த விமானம் போய்விட்டது. அப்பா பதினொரு மணி நேரம் ஓர் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைபேசியில் மின்னேற்றம் தீர்ந்துவிட்டதால் எங்களுக்குத் தகவல் சொல்லவும் வழியில்லை. பசித்தபோது என்ன வாங்குவது என்று தெரியாமல், நான் கொடுத்தனுப்பிய முறுக்கை மட்டும் தின்று தண்ணீர் குடித்திருக்கிறார். அந்த நானூறு வெள்ளியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. நேரடி விமானம் இருக்கும்போது பெரியவர்களைத் தனியாக மாற்று விமானத்தில் அனுப்பாதீர்கள்.

---

மனக்கணக்கு (செப்டம்பர் 8, காலை 8.00)

பனங்காட்டான், படித்ததும் மனம் கனத்துவிட்டது. ஃபிராங்க்ஃபர்ட் விமானத்தில் அதே விமானமும் அதே எண்ணும் தொடர்வதால் தவறவிடும் அபாயம் குறைவு என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். ஆனாலும் தனியாகப் போகிறவர் என்பதை நான் போதுமான அளவு யோசிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

---

இரவுப்பணி செவிலி (செப்டம்பர் 8, காலை 9.45)

பணி முடிந்து வந்து எழுதுகிறேன். நேரடியோ இடைநிறுத்தமோ, காலின் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் ஆபத்தைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்காரும் எந்தப் பயணத்திலும் அந்த ஆபத்து சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் சொன்னது. ஆனால் அதே ஆய்வில், அப்படிப் பயணம் செய்யும் ஆரோக்கியமானவர்களில் ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்குத்தான் அது வருகிறது. ஆகவே பயம் வேண்டாம், கவனம் வேண்டும். உங்கள் அம்மாவுக்கு இருக்கும் மற்ற நோய்களையும் வைத்து அவருடைய மருத்துவர்தான் முடிவு சொல்ல வேண்டும். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகவே பார்த்துவிடுங்கள். அழுத்தக் காலுறை அவர் எழுதிக் கொடுத்தால் மட்டும், அளவெடுத்து வாங்குங்கள். இறுக்கமாகப் போனால் கெடுதல்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது மாத்திரை. அக்டோபரில் நியூயார்க்குக்கும் சிங்கப்பூருக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். இங்கே காலை ஏழு என்றால் அங்கே மாலை ஏழு. கைக்கடிகாரத்தைத் திருப்பவே வேண்டாம், முள் அதே இடத்தில் நிற்கும். இதுதான் ஆபத்து. கடிகாரம் ஏழு காட்டும், அது எந்த ஏழு என்று தெரியாது. காலைச் சர்க்கரை மாத்திரையை இரவில் போட்டு, சாப்பிடாமல் தூங்கிப்போய், மயக்க நிலையில் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். விமானத்தில் எந்தச் சாப்பாட்டோடு எந்த மாத்திரை என்று மருத்துவரிடம் கேட்டு, சிறு உறைகளில் போட்டு, "முதல் சாப்பாடு", "இரண்டாவது சாப்பாடு" என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள். மணி எழுதாதீர்கள். உறைகள் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் போக வேண்டாம்.

விரதத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள் தம்பி. அம்மா தானாகச் சொல்ல மாட்டார்.

---

வரைபட ஆசிரியை (செப்டம்பர் 8, மாலை 4.15)

செவிலி அவர்கள் விரதத்தைத் தொட்டுவிட்டதால் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இரண்டு நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளி நள்ளிரவுக்கு முன் புறப்பட்டு வடகிழக்காகப் போனால், சுமார் ஐந்து மணி நேரத்தில், ஜப்பானுக்குத் தெற்கே எங்கோ, எதிரே சூரியன் உதிக்கும். அந்த இடத்தில் அப்போது சனிக்கிழமைக் காலை. அதன் பிறகு நடுப்பகலை ஒட்டிச் சர்வதேசத் தேதிக்கோட்டைக் கடப்பார்கள். கடந்ததும் நாள் ஒன்று பின்னால் போகும். மறுபடி வெள்ளிக்கிழமை. கிழக்கே ஓடுவதால் பகல் சுருங்கும். விடிந்து ஆறேழு மணி நேரத்தில், அலாஸ்காவுக்குத் தெற்கே, வெள்ளிக்கிழமைச் சூரியன் மறையும். ஒரு குட்டி இரவு. நியூயார்க்கில் இறங்கும்போது மறுபடி சனிக்கிழமை விடியும்.

உங்கள் அம்மா கேட்ட பதினெட்டு மணி நேரம் எங்கேயும் போகவில்லை. அவருக்கு அந்தச் சனிக்கிழமை இரண்டு முறை விடியப் போகிறது.

---

கொக்கலைக் காற்று (செப்டம்பர் 8, இரவு 11.30)

இரண்டு முறை விடியும் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இலங்கையின் காலி நகரத்துக்காரன். எங்கள் ஊரிலிருந்து சிறிது தூரத்தில் கொக்கலை ஏரி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் 1942 பிப்ரவரியில் ஜப்பானியரிடம் விழுந்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான வான்வழி அறுந்துபோயிற்று. அதை ஒட்டுப்போட, 1943 ஜூலையில் குவாண்டாஸ் நிறுவனம் கேட்டலினா என்ற கடல் விமானங்களைப் பெர்த் நகரின் சுவான் ஆற்றிலிருந்து கொக்கலை ஏரிக்கு ஓட்டத் தொடங்கியது. தூரம் 5,600 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். இன்றைய விமானத்துக்கு ஏழு மணி நேர வேலை. கேட்டலினாவுக்கு 27 முதல் 32 மணி நேரத்துக்குச் சற்று மேல் வரை! வேகம் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். எரிபொருள் கனத்தால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியாது. எதிரி கேட்டுவிடுவான் என்று வானொலியில் பேச மாட்டார்கள், நட்சத்திரம் பார்த்தே வழி கண்டுபிடிப்பார்கள். மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம். 1945 ஜூலை வரை 271 முறை கடந்தார்கள்.

பயணிகள் ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்த்தார்கள். அதனால் அவர்களுக்கு 'இரட்டைச் சூரியோதய இரகசியக் குழு' என்ற பெயரில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அவர்களுக்கு விமானம் மெதுவாகப் போனதால் இரண்டு உதயம். உங்கள் அம்மாவுக்கு விமானம் சூரியனை எதிர்கொண்டு விரைந்து போவதால் இரண்டு உதயம்.

---

வான்வழி (செப்டம்பர் 9, காலை 7.20)

கொக்கலைக் காற்று, கை கொடுங்கள். வானொலியில் பேசாமல், நட்சத்திரத்தை நம்பி 30 மணி நேரம் இந்துமாக்கடலின் மேல். எனக்குக் கணினி இருந்தது, செயற்கைக்கோள் இருந்தது. அப்படியும் சில இரவுகளில் வியர்க்கும்.

தெம்பனிஸ்வாசி, நேரடி என்று முடிவு செய்தால் ஒரு யோசனை. அந்த விமானத்தின் பிரீமியம் எக்கானமியில் கடைசி மூன்று வரிசைகளில் ஜன்னலோரம் ஒற்றை இருக்கைகள் இருக்கின்றன, மொத்தம் ஆறே ஆறு. பக்கத்தில் யாரும் இல்லை. யாரையும் எழுப்பாமல் எழுந்து நடக்கலாம், ஜன்னலும் சொந்தம். போகும்போது வலப்பக்கம் கேளுங்கள். சூரியன் அந்தப் பக்கம்தான் உதிக்கும்.

---

தெம்பனிஸ்வாசி (செப்டம்பர் 12, இரவு 10.00)

நேரடி டிக்கெட் எடுத்துவிட்டேன். வலப்பக்கம், ஒற்றை இருக்கை. மருத்துவர் காலுறைக்கு எழுதிக் கொடுத்தார். விரதம் பற்றிக் கேட்டதும், பட்டினி கூடாது, மாத்திரைக்கு முன் கட்டாயம் சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அம்மா முகம் வாடிப்போயிற்று. பிறகு அவரே, "சமைத்த சோறு வேண்டாம், பழமும் பாலும் எடுத்துக்கொள்கிறேன், பெருமாளுக்குத் தெரியாதா" என்றார். மருத்துவரிடம் மறுபடி கேட்டு, எந்தப் பழம் எவ்வளவு என்று எழுதி வாங்கியிருக்கிறேன்.

---

தெம்பனிஸ்வாசி (அக்டோபர், ஞாயிறு, இரவு 9.20)

அம்மா நலமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். வாயிலிலிருந்து வாயிலுக்கு 17 மணி 52 நிமிடம். டிக்கெட்டில் போட்டதைவிட முக்கால் மணி நேரத்துக்கும் மேல் முன்னதாக. தங்கை இன்னும் வீட்டிலிருந்தே கிளம்பவில்லையாம். சக்கர நாற்காலிக்காரப் பெண் அவள் வரும்வரை அம்மாவுடனேயே நின்றிருக்கிறார்.

சற்று முன் அம்மா தொலைபேசியில் முக்கால் மணி நேரம் பேசினார். ஒன்றரை மணிக்கு ஒருமுறை எழுந்து பின்பக்கச் சமையல் பகுதி வரை நடந்தாராம். அங்கே ஒரு பணிப்பெண் நாலாவது முறை இவரைப் பார்த்ததும் தானே முன்வந்து வெந்நீர் கொடுக்கத் தொடங்கிவிட்டாராம். உறைகளில் எழுதிய எழுத்து மிகவும் பெரியதாக இருந்ததால் பக்கத்து வரிசைக்காரர் வரை படித்துவிட்டார் என்றார். செவிலி அக்காவுக்கு நன்றி.

முதல் விடியலின்போது விமானம் முழுவதும் இருட்டு, எல்லோரும் தூக்கம். ஜன்னலை இரண்டு விரல் அளவுக்கு மட்டும் திறந்து பார்த்தாராம். சிவப்பாக ஒரு கோடு, பிறகு அது தகதகவென்று பழுத்தது என்றார். கைகூப்பிவிட்டு மூடிவிட்டார். இரண்டாவது விடியல் நியூயார்க்கில் கண்ணாடி நடைபாதையில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும்போது. "கொஞ்சம் நிறுத்தம்மா" என்று தமிழிலேயே சொன்னாராம். அந்தப் பெண் எப்படியோ புரிந்துகொண்டு நிறுத்தினாராம்.

இரண்டு சனிக்கிழமைக்கும் சேர்த்துப் பழமும் பாலும்தான். தங்கை வீட்டுக்குப் போய்க் குளித்து, விளக்கேற்றி, அதன் பிறகுதான் சோறு சாப்பிட்டிருக்கிறார். இந்தப் புரட்டாசியில் தனக்குச் சனிக்கிழமை ஒன்று கூடுதலாகக் கிடைத்தது என்று திருச்சிக்கும் சொல்லச் சொல்லியிருக்கிறார்.